எப்போது இறக்கலாம், இறக்கினால் தங்குமா? மேஜிக் கார்டு ஆட்டம் பழகுவோருக்கு

கார்டைக் கையில் எடுத்ததும் எல்லோருடைய கண்ணும் படத்துக்குத்தான் போகும். சிறகு விரித்த டிராகன், வாளேந்திய தேவதை, புகை கக்கும் மலை. பார்த்து ரசியுங்கள். ஆனால் ஆட உட்காரும்போது முதலில் பார்க்க வேண்டியது படத்துக்கு நேர் கீழே ஓடும் ஒற்றை வரியை. அந்தக் கார்டு எந்த வகையைச் சேர்ந்தது என்பது அங்கேதான் அச்சாகியிருக்கும்.

'மேஜிக்: தி கேதரிங்' 1993-இல் வெளிவந்த ஆட்டம். உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித அறிஞர். வெளியிட்டது விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம். இதுவரை வந்துள்ள வெவ்வேறு கார்டுகள் இருபதாயிரத்தைத் தாண்டும். முழு விதித்தொகுப்பு 250 பக்கங்களுக்கு மேல். இந்தக் கணக்கைக் கேட்டதும் ஆர்வத்தோடு வந்தவர்கள்கூடப் பின்வாங்கிவிடுகிறார்கள். மதுரை அண்ணாநகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், கோடை விடுமுறைதோறும் அக்கா பிள்ளைகளுக்கும் அவர்களுடைய நண்பர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதில் நான் கண்டது இதுதான்: எந்தக் கார்டானாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டால் பாதி ஆட்டம் புரிந்துவிடும். இதை எப்போது இறக்கலாம்? இறக்கிய பிறகு மேசையில் தங்குமா, போய்விடுமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தவர், பெயரே கேள்விப்படாத கார்டையும் தைரியமாக ஆடலாம்.

முதலில் கார்டுகளுக்கு ஒரு வழி

ஆசைப்பட்டு, ஒட்டிய பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பிரிக்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது. பத்துப் பாக்கெட் பிரித்தாலும் ஆடத் தகுந்த ஒரு கட்டு சேராது. பணம் கொடுத்து வாங்குவதானால், தலா 60 கார்டுகள் கொண்ட இரண்டு கட்டுகளைத் தயாராக அடுக்கித் தரும் 'ஸ்டார்ட்டர் கிட்' வாங்குங்கள். இருவர் அன்றே உட்கார்ந்து ஆடிவிடலாம். கைபேசியில் பழகுவதானால் 'மேஜிக் அரேனா' இலவசமாகக் கிடைக்கிறது. விதியை மீற அது விடாது என்பதால் தனியாகக் கற்பவர்களுக்கு நல்ல துணை.

எங்கள் பிள்ளைகள் தொடங்கியது வேறு வழியில். ரம்மி சீட்டின் அளவும் மேஜிக் கார்டின் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான், அகலம் 6.3 சென்டிமீட்டர், உயரம் 8.8 சென்டிமீட்டர். ஆகவே பழைய சீட்டுக்கட்டு இரண்டை எடுத்து, ஒவ்வொரு சீட்டின் முகத்திலும் வெள்ளைத் தாளை ஒட்டி, கார்டின் பெயரையும் விதியையும் கையால் எழுதினோம். ஆளுக்கு 40 கார்டு: 17 நிலம், மீதி 23 மற்றவை. இந்த அளவு நாங்களாகக் கண்டுபிடித்ததல்ல. பாக்கெட்டுகளைப் பிரித்து அங்கேயே கட்டு அமைத்து ஆடும் போட்டிகளில் வழக்கமான கணக்கு இது. சொந்தக் கட்டோடு வந்து ஆடும் ஆட்டங்களில் குறைந்தது 60 கார்டு வேண்டும். அடிப்படை நிலம் தவிர, ஒரே பெயருள்ள கார்டு நான்குக்கு மேல் கூடாது. கையால் செய்த கார்டு போட்டிகளில் செல்லாது. வீட்டுக் கூடத்தில் தாராளமாகச் செல்லும்.

ஒரு ஊர்க் குறிப்பு: மே மாத மதுரையில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது, மின்விசிறிக்குக் கீழே கார்டும் உட்காராது. பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள். எடையும் கூடும், வியர்த்த விரலின் ஈரமும் படாது. தரையில் ஒரு போர்வையை நான்காக மடித்து விரித்தால் கார்டை எடுக்க நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை.

நிலம்

கார்டில் 'லேண்ட்' என்று அச்சிட்டிருக்கும். ஆட்டத்தின் அடிவயிறு இதுதான். மற்ற கார்டுகளை இறக்க 'மானா' என்ற ஆற்றல் வேண்டும். அந்த மானாவை நிலம் தருகிறது. உங்கள் முறை வரும்போது ஒரு நிலம் இறக்கலாம், ஒன்றே ஒன்று. அதற்கு விலை கிடையாது. இறக்கிய நிலம் மேசையில் தங்கும். மானா வேண்டுமானால் நிலத்தைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். சாய்த்த நிலம் அடுத்த உங்கள் முறையில் நிமிரும் வரை மறுபடி தராது. ஒருமுறை திறந்த மடை திரும்ப அடைத்துத் திறக்கும் வரை அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடிப்படை நிலங்கள் ஐந்து. சமவெளி வெள்ளை மானா தரும்; தீவு நீலம்; சதுப்பு கறுப்பு; மலை சிவப்பு; காடு பச்சை. ஐந்து நிலம் என்றதும் தமிழ் படித்தவருக்குத் திணை நினைவு வராமல் போகாது. மலைக்குக் குறிஞ்சி, காட்டுக்கு முல்லை, சமவெளிக்கு மருதம், தீவுக்கு நெய்தல் என்று நான்கு அழகாகப் பொருந்தும். சதுப்பும் பாலையும்தான் ஒட்டாது. எங்கள் வீட்டுக் கட்டில் பிள்ளைகள் தாங்களே நிலங்களை வரைந்தார்கள். மலைக்கு யானைமலை, காட்டுக்கு அழகர்மலைச் சரிவு, சமவெளிக்கு மேலூர்ப் பக்கத்து வயல். சதுப்புக்கு வண்டியூர்க் கண்மாயின் ஓரம். தீவு என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் இளைய மகள், "மாமா, தெப்பக்குளத்து நடு மண்டபம்!" என்றாள். மாரியம்மன் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்து நிற்கும்போது அந்த மைய மண்டபத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதைவிடச் சரியான தீவு இந்த ஊரில் இல்லை. அதன் பிறகு எந்த நிறத்துக்கு எந்த நிலம் என்று ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்கவில்லை.

மற்ற கார்டுகளின் வலது மேல் மூலையில் விலை இருக்கும். ஓர் எண்ணும் ஒரு பச்சைக் குறியும் சேர்ந்து, எண் 1 என்றிருந்தால், மொத்தம் இரண்டு மானா. அதில் ஒன்றாவது பச்சையாக இருக்க வேண்டும், மற்றது எந்த நிறமானாலும் சரி. முதல் கட்டை ஒரே நிறத்தில், அல்லது மிஞ்சினால் இரண்டு நிறத்தில் அமையுங்கள். மூன்று நிறம் வைத்தால் கையில் நல்ல கார்டு இருக்கும், அதற்கேற்ற நிலம் வராது. புதியவர்கள் மனம் விட்டுப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

உயிரியும் சண்டையும்

'கிரீச்சர்' என்று அச்சிட்ட கார்டை நாங்கள் உயிரி என்கிறோம். மனிதன், கரடி, பூதம், டிராகன் எல்லாம் இதில் அடக்கம். உங்கள் முறையில் இறக்கலாம், மேசையில் தங்கும். வலது கீழ் மூலையில் 2/2 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் அடிக்கும் வலு, இரண்டாவது தாங்கும் வலு. இறக்கிய முறையிலேயே உயிரி தாக்கக் கூடாது. அடுத்த உங்கள் முறை வரை காத்திருக்க வேண்டும். ஆனால் எதிராளி தாக்கினால் அன்றே மறிக்கலாம்.

சண்டையில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். போக்கிமான், யூகியோ போன்ற வேறு கார்டு ஆட்டம் பழகிவிட்டு வரும் பிள்ளைகள் என் உயிரியைக் காட்டி, "இதைத் தாக்குகிறேன்" என்பார்கள். மேஜிக்கில் அப்படிக் கிடையாது. நீங்கள் தாக்குவது எதிரில் இருக்கும் ஆட்டக்காரரை. எந்த உயிரியைக் கொண்டு மறிப்பது, மறிக்காமல் அடியை வாங்கிக்கொள்வதா என்று முடிவு செய்வது அவர். ஆட்டத்தின் சுவையே இந்த ஓர் ஏற்பாட்டில் இருக்கிறது: தாக்குபவர் யாரை அனுப்புவது என்று தேர்கிறார், மறிப்பவர் யாரோடு யார் மோதுவது என்று தேர்கிறார்.

அலங்காநல்லூரில் ஒரு காளையை ஒரு நேரத்தில் ஒருவர்தான் அணைய வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இங்கே அந்த விதி தலைகீழ். தாக்க வரும் ஓர் உயிரியை இரண்டு மூன்று உயிரிகள் சேர்ந்தும் மறிக்கலாம். ஆனால் மறிக்கும் ஓர் உயிரி, தாக்க வரும் ஒன்றை மட்டுமே மறிக்க முடியும்.

மோதும் இரண்டும் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்கின்றன. 3/2 உயிரியும் 2/2 உயிரியும் மோதினால் இரண்டுமே சாகும். செத்த கார்டுகள் அவரவர் இடுகாட்டுக்கு, அதாவது ஆடித் தீர்ந்த கார்டுகளின் குவியலுக்குப் போகும். பிழைத்த உயிரியின் காயம் அந்த முறை முடியும்போது ஆறிவிடும். அடுத்த முறைக்குக் காயத்தைத் தூக்கிச் செல்லாதீர்கள். யாரும் மறிக்காத உயிரியின் அடி நேராக எதிராளியின் உயிர்க் கணக்கில் கழியும். ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் 20 உயிர். பூஜ்யமானால் தோல்வி. கட்டில் கார்டே இல்லாதபோது எடுக்க வேண்டி வந்தாலும் தோல்விதான்.

தாக்கப் போகும் உயிரியைச் சாய்க்க வேண்டும். சாய்ந்த உயிரி மறிக்க முடியாது. ஆகவே எல்லாவற்றையும் தாக்க அனுப்பிவிட்டால் எதிராளியின் முறையில் உங்கள் வாசல் திறந்து கிடக்கும். அனுப்புவதற்கு முன் எதிர்ப்பக்கத்து அடிக்கும் வலுக்களை ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

சில உயிரிகளுக்குச் சிறப்புச் சொற்கள் உண்டு. 'ஃப்ளையிங்' என்றால் பறக்கும். பறப்பதோ, 'ரீச்' உள்ளதோ மட்டுமே அதை மறிக்கலாம். 'ஹேஸ்ட்' இருந்தால் இறக்கிய முறையிலேயே தாக்கலாம். 'விஜிலன்ஸ்' இருந்தால் சாயாமல் தாக்கும். மீதியைக் கார்டு கையில் வரும்போது படித்துக்கொள்ளலாம். பொது விதி ஒன்று சொல்லி, கார்டில் எழுதியிருப்பது வேறொன்று சொன்னால், கார்டு சொல்வதே செல்லும். இதை மட்டும் மறக்க வேண்டாம்.

தங்குபவை, தங்காதவை

உயிரியைப் போலவே உங்கள் முறையில் இறங்கி மேசையில் தங்கும் வகைகள் இன்னும் மூன்று. 'ஆர்ட்டிஃபாக்ட்' என்பது கருவி, ஆயுதம், இயந்திரம் போன்ற பொருள். பெரும்பாலும் எந்த நிற மானாவாலும் இறக்கலாம். 'என்சான்ட்மென்ட்' என்பது தொடர்ந்து வேலை செய்யும் மந்திரம். 'பேசிஃபிசம்' என்ற வெள்ளைக் கார்டை எதிராளியின் உயிரி மேல் இறக்கினால் அது தாக்கவும் முடியாது, மறிக்கவும் முடியாது. கிராமத்தில் கடிநாய்க்கு வாய்க்கட்டுப் போடுவது என்பார்களே, அதுவேதான்: நாய் உயிரோடு அங்கேயே இருக்கும், கடிக்காது. மூன்றாவது 'பிளேன்ஸ்வாக்கர்', 2007-இல் சேர்ந்த வகை. உங்களுக்குத் துணை வரும் மந்திரவாதி போன்றது. உங்கள் முறையில் ஒரு தடவை அதன் ஆற்றலைப் பயன்படுத்தலாம், எதிராளி அதையும் தாக்கலாம். 2023-இல் 'பேட்டில்' என்று இன்னொரு வகையும் வந்தது. முதல் மாதத்தில் இந்தக் கடைசி இரண்டையும் ஒதுக்கி வையுங்கள்.

தங்காதவை இரண்டே. 'சோர்சரி' உங்கள் முறையில் மட்டும் இறக்கலாம். சொன்னதைச் செய்துவிட்டு இடுகாட்டுக்குப் போகும். 'இன்ஸ்டன்ட்' அப்படியல்ல. எதிராளியின் முறையிலும், சண்டை நடுவிலும், அவர் வேறொரு கார்டை இறக்கிக்கொண்டிருக்கும்போதும் இறக்கலாம். அதற்கு மானா வேண்டும் என்பதால், சாய்க்காமல் நிமிர்ந்து நிற்கும் நிலத்துக்கு ஒரு மிரட்டல் வந்துவிடுகிறது. எதிராளியிடம் இரண்டு நிலம் நிமிர்ந்திருந்தால், அவர் கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் உங்களுக்கு யோசனை வரும்.

ஒரு முறை எப்படி ஓடும்

கட்டைக் கலைத்து, எதிராளியிடம் கொடுத்து வெட்டச் சொல்லி, ஏழு கார்டு எடுங்கள். நிலம் ஒன்றே ஒன்று, அல்லது ஏழில் ஆறு நிலம் என்று வந்தால் தயங்காமல் திருப்பிவிடுங்கள். மறுபடி கலைத்து ஏழு எடுத்து, அதில் வேண்டாத ஒன்றைக் கட்டின் அடியில் வைக்க வேண்டும். இரண்டாம் தடவை திருப்பினால் இரண்டை வைக்க வேண்டும். ஒரு கார்டு குறைகிறதே என்று கெட்ட கையை வைத்துக்கொண்டு ஆடுவது பெரிய நஷ்டம்.

பிறகு ஒவ்வொரு முறையும் ஆறு சொற்கள்: நிமிர்த்து, எடு, இறக்கு, தாக்கு, இறக்கு, முடி. சாய்ந்தவை எல்லாம் நிமிரும். கட்டிலிருந்து ஒரு கார்டு எடுக்க வேண்டும்; முதலில் ஆடத் தொடங்குபவருக்கு மட்டும் அவருடைய முதல் முறையில் இது கிடையாது. நிலமோ மற்ற கார்டோ இறக்கலாம். தாக்கலாம். தாக்கி முடித்த பின்னும் இறக்கலாம். முறை முடியும்போது கையில் ஏழுக்கு மேல் இருந்தால் மிகுந்ததை இடுகாட்டில் போட வேண்டும்.

இதில் இரண்டாவது 'இறக்கு' ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். புதிய உயிரி எப்படியும் இந்த முறை தாக்கப் போவதில்லை. அதைச் சண்டைக்கு முன்பே இறக்கிவிட்டால், உங்களிடம் இனி மானா இல்லை என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும்; பயமின்றி மறிப்பார். ஆகவே நிலத்தை முதலில் இறக்குங்கள், தாக்குங்கள், உயிரியைப் பிறகு இறக்குங்கள்.

அடுக்கு: பிந்திச் சொன்னது முந்தி நடக்கும்

இங்கே நிதானமாக நில்லுங்கள். ஒருவர் ஒரு கார்டை இறக்குகிறார். அது உடனே நடந்துவிடாது. மற்றவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பு உண்டு. அவர் இன்ஸ்டன்ட் ஒன்றை இறக்கினால் அது முந்தைய கார்டின் மேல் அடுக்கப்படும். இருவரும் போதும் என்றதும் மேலிருப்பது முதலில் நடக்கும். பரோட்டாக் கடையில் தட்டுகளைக் கழுவி அடுக்கியிருப்பார்கள். கடைசியில் வைத்த தட்டுதான் முதலில் இலை போட எடுக்கப்படும்.

அக்காவின் மூத்த மகனோடு நடந்த ஆட்டத்தைச் சொல்கிறேன். அவனிடம் 'கிரிஸ்லி பேர்ஸ்', 2/2 கரடி. என் கையில் 'லைட்னிங் போல்ட்': ஒரு சிவப்பு மானாவுக்கு 3 அடி கொடுக்கும் இன்ஸ்டன்ட். கரடியைக் குறிவைத்து இறக்கினேன். அவனிடம் ஒரு காடு நிமிர்ந்திருந்தது. அதைச் சாய்த்து 'ஜயன்ட் குரோத்' இறக்கினான்: அந்த முறை முடியும் வரை ஓர் உயிரிக்கு +3/+3 தரும் இன்ஸ்டன்ட். மேலிருக்கும் அவனுடைய கார்டு முதலில் நடந்தது. கரடி 5/5 ஆனது. பிறகு என் இடி விழுந்து 3 அடி. கரடி பிழைத்தது.

அப்போது அவன் கேட்டான், "மாமா, முறை முடிந்ததும் கரடி மறுபடி 2/2 ஆகிவிடும். 3 அடி வாங்கியிருக்கிறதே, அப்போது சாகுமா?" விதியை இவ்வளவு கூர்மையாகத் தொட்ட கேள்வியை அந்த விடுமுறையில் வேறு யாரும் கேட்கவில்லை. பதில்: சாகாது. காயம் ஆறுவதும் வளர்ச்சி நீங்குவதும் ஒரே நொடியில் நடக்கின்றன.

அடுத்த ஆட்டத்தில் அதே கார்டுகள், வரிசை மட்டும் வேறு. அவன் கரடியால் தாக்கினான், நான் மறிக்கவில்லை. கூடுதலாக அடிக்கலாம் என்ற ஆசையில் அவனே முதலில் ஜயன்ட் குரோத்தை இறக்கினான். நான் அதன் மேல் லைட்னிங் போல்ட்டை அடுக்கினேன். என்னுடையது முதலில் நடந்தது. 2/2 கரடி செத்தது. குறிவைத்த உயிரியே இல்லாததால் அவனுடைய கார்டு எதுவும் செய்யாமல் இடுகாட்டுக்குப் போனது. அவன் ஒரு கார்டுக்கு இரண்டாக இழந்தான். இந்த இரண்டு நிகழ்வுகளையும் கார்டு வைத்து நான்கைந்து தடவை நடத்திப் பாருங்கள். எதிராளியின் நிலம் நிமிர்ந்திருக்கும்போது இன்ஸ்டன்ட்டை முந்தி இறக்குவதற்கு முன் கை தானே நிற்கும்.

நிலம் மட்டும் இந்த அடுக்கில் சேராது. இறக்கினால் இறக்கியதுதான், யாரும் பதில் சொல்ல முடியாது.

முதல் மூன்று ஆட்டம்

முதல் ஆட்டத்தை இருவரும் கையைத் திறந்து வைத்தே ஆடுங்கள். நிலமும் உயிரியும் மட்டும். தாக்குவது, மறிப்பது, சாய்ப்பது, நிமிர்த்துவது பழகினால் போதும். உயிர்க் கணக்கைத் தாளில் எழுதி அடித்துத் திருத்துங்கள்; மனக்கணக்கில் வைத்தால் சண்டை வரும். பெரியவர்கள் யாராவது "சீட்டா ஆடுகிறீர்கள்?" என்று முகம் சுளித்தால், அவர்களையும் உட்கார வைத்து இந்தத் திறந்த ஆட்டத்தைக் காட்டுங்கள். பணம் வைக்கிற பேச்சே இல்லை என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

இரண்டாம் ஆட்டத்தில் சோர்சரி, ஆர்ட்டிஃபாக்ட், என்சான்ட்மென்ட் மூன்றையும் சேருங்கள். கையை மூடிக்கொள்ளலாம். ஒவ்வொரு கார்டையும் இறக்கும்போது அதன் வகையை வாய்விட்டுச் சொல்லி, தங்குமா போகுமா என்றும் சொல்லுங்கள்.

மூன்றாம் ஆட்டத்தில் இன்ஸ்டன்ட் வரட்டும். எங்கள் கூடத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கார்டை இறக்கியவர் அதன் மேல் விரலை வைத்துக் காத்திருப்பார். எதிரில் இருப்பவர் தன் கையைப் பார்த்து, நிமிர்ந்த நிலத்தை எண்ணி, பதில் ஒன்றும் இல்லையென்றால் "சரி" என்பார். அந்தச் "சரி" வந்த பிறகுதான் விரலை எடுக்க வேண்டும்.